உள்ளங்கைச் சிவப்பைக் காட்ட ஆரணியிலிருந்து வேலூருக்கு

வழக்கமாக இங்கே கோயில், அருவி என்று எழுதுவேன். இந்த முறை ஊர் சுற்றப் போகவில்லை. ஆடி மாதம் தொடங்கி ஐந்து வாரத்துக்குள் நானும் என் வீட்டுக்காரரும் ஆரணியிலிருந்து வேலூருக்கு மூன்று முறை போய் வந்தோம். அவருடைய ரத்தத்தில் சிவப்பணு மிக அதிகம் என்று உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். இதே மாதிரி சீட்டோடு கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர், இருபது வருஷமாக. இரண்டு வருஷமாகவே குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். தடிப்பு எதுவும் இருக்காது. தலைவலி வேறு. உள்ளங்கையும் சிவந்தே இருக்கும். சாயம்தான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னது நான். நச்சரித்தே தை மாதத்தோடு வேலையை விடவைத்து, அரிசி ஆலையில் மூட்டை தைக்க அனுப்பினேன். அரிப்பு நிற்கவில்லை. உள்ளங்கைச் சிவப்பும் போகவில்லை.

"இருபது வருஷச் சாயம் ஊறிக் கெடக்குது, ஜல்தியா போயிடுமா?" என்றார். நானும் நம்பினேன். ஆரணியில் சாயம் போடுகிறவர் கை சிவந்திருந்தால் யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள்?

காலை 5.20 பேருந்து. கண்ணமங்கலம் வழியாக நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். வேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்றார்.

"எனக்குத்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கா? மூஞ்சி செக்கச்செவேல்னு கீது, ஜம்முனு கீறீங்க!"

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சிவப்பும் நோய்தான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டரம்மா அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் நான், "அது சாயங்க" என்றேன்.

"கடைசியா எப்போ சாயம் போட்டாரு?"

"தை மாசம்."

டாக்டரம்மா ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உள்ளங்கையை அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பிறகு கட்டைவிரலால் அமுக்கினார். அந்த இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது.

"சாயம் இப்படி வெளுக்காதும்மா. இது ரத்தம்."

எனக்கு அவமானமாக இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் முறை இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். திரும்பும்போது வண்டி பள்ளத்தில் இறங்கும் போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை முடிவு சொன்னார்கள். அபூர்வமான ரத்தப் புற்றுநோய், பெயர் பாலிசைத்தீமியா வேரா. ரத்தம் கெட்டியாகி எங்காவது உறைந்தால் பக்கவாதம் வரலாம். முழுக்கக் குணமாகாது, அவ்வப்போது ரத்தத்தை எடுத்து, மாத்திரை கொடுத்துக் கட்டுக்குள் வைக்கலாமாம்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் சாயம் போடலாங்களா?"

"போடுங்க. அதனால வந்தது இல்ல இது. ஆனா கைக்கு உறை போட்டுக்கோங்க."

பேருந்தில் கண்ணமங்கலம் தாண்டும்வரை அழுதேன். "என்னாலதாங்க ஆறு மாசம் அந்த ஆலையில கெடந்தீங்க."

"உன்னாலதான்" என்றார். "அழுதுகினு வராத, கண்டக்டர் பாக்குறாரு."

போகிறவர்களுக்கு: பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றையும் விடாதீர்கள். மஜ்ஜை எடுக்கும் நாளில் திரும்பி வரப் பின்சீட்டில் உட்காராதீர்கள். குளித்தபின் அரிப்பு மாதக்கணக்கில் நிற்கவில்லை என்றால் என்னைப் போல நீங்களே காரணம் கண்டுபிடிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவர் சாயப் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். உறை போட்டால் நூலின் பதம் தெரியாதாம், சண்டை போட்டும் கேட்கவில்லை. வலது கை வெறும் கை. இடது கையில் மட்டும் உறை. ஏன் ஒரு கைக்கு மட்டும் என்று கேட்டேன்.

"நீ பாக்கறதுக்குச் சாயம் படாத கை ஒண்ணு வேணும்ல."

தினமும் சாயங்காலம் அவர் வந்து உறையைக் கழற்றி, கேட்காமலேயே இடது கையை நீட்டுகிறார். நான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன்.