சாய்ந்த கோடும் இரண்டு லெட்சுமிகளும்

கம்ப்யூட்டர் சேவைப் பிரிவில் இருப்பதும் பல் டாக்டராக இருப்பதும் ஒன்றுதான். வலி வந்தால்தான் ஆட்களுக்கு நம் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில், மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்குமான கவுன்டரை நான் பார்த்துக்கொண்டேன். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. ஆனால் உங்களைப் போல் எனக்குக் கோபம் வராது, ஆர்வம்தான் வரும். ஒரு கோளாறு ஏன் வந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. என் மேலதிகாரி என்சிக் ஹாலிம் இந்தக் குணத்தை மலாயில் 'சிபுக்' என்பார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் என்று அர்த்தம். நான் மறுத்ததில்லை.

மறந்துபோன பாஸ்வேர்டு

செமஸ்டர் தொடங்கினால் கவுன்டரில் பாதிக் கூட்டம் பாஸ்வேர்டை மறந்த கூட்டம். புதிதாக ஒன்று போட்டுத் தர அதிகாரியின் கையெழுத்து வேண்டும், அதற்கு அரை நாள் போகும். அதனால் முதலில் ஊகித்துப் பார்ப்பேன். ஒரு நாள் ஒல்லியான பையன் ஒருவன் வந்து முழித்துக்கொண்டு நின்றான். நெற்றியில் திருநீறு, கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த சாவிக்கொத்தில் ஒரு குட்டி வேல்.

"முருகன்னு அடிச்சுப் பாருங்க தம்பி" என்றேன். அடித்தான், திறந்தது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டான்: "அக்கா, உங்களுக்குச் சாமி வருமா?"

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு சத்தம்

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ஒரு பேராசிரியருக்கு வீட்டிலிருந்தே ஈமெயில் பார்க்க மோடம் கொடுத்திருந்தோம். மோடம் தெரியாத தலைமுறைக்கு: அது வீட்டு டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் சின்னப் பெட்டி. இவருக்குச் சாயங்காலமானால் இணைப்பு அறுந்துவிடும். மோடத்தை மாற்றினோம், கம்பியை மாற்றினோம், கம்ப்யூட்டரையே மாற்றினோம். பலன் இல்லை. மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். எனக்கா பொறுக்கும்? ஒரு சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இணைப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஹாலில் அவர் மனைவி வந்து இன்னொரு போனை எடுத்தார், காதில் வைத்து முகம் சுளித்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். உள்ளே பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தினமும் இந்த நேரத்துல கிள்ளான்ல இருக்கற தங்கச்சிக்குப் போன் போடுவேன்மா. இப்ப கொஞ்ச நாளா எடுத்தாலே தேங்கா துருவற சத்தம்" என்றார் அந்த அம்மா. போனுக்கும் மோடத்துக்கும் ஒரே கம்பி, அவர் போனை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று மெதுவாக விளக்கிச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, கணவரிடம் திரும்பினார்: "நான் என் தங்கச்சிகிட்ட பேசறதுதான் உங்க யுனிவர்சிட்டிக்கே பிரச்னையா?"

ஃபோல்டருக்குள் யாரோ

லெட்சுமி கடைசி வருட மாணவி. வீடு பண்டமாரானில், அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தாள். நம் ஊர் ஈரத்தில் டிஸ்கெட்டுகள் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் எல்லாரையும் போல அவளும் தீசிஸை மையத்தின் பெரிய கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தாள். ஒரு நாள் வந்து, "அக்கா, என் ஃபோல்டருக்குள்ள யாரோ வந்துட்டுப் போறாங்க" என்றாள்.

எதுவும் களவு போகவில்லை. அவள் தப்பாக அடித்த ஸ்பெல்லிங் மறுநாள் சரியாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பத்தியின் கீழே 'இது புரியவில்லை' என்று ஒரு வரிகூட இருந்ததாம். படித்துப் பார்த்தால் அவளுக்கே புரியவில்லையாம், மாற்றி எழுதினாளாம். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். திருத்தம் நிற்கவில்லை. எனக்கு ஒரே குதூகலம், எப்படியும் ஆளைப் பிடித்துவிடுகிறேன் என்றேன். லெட்சுமி அவசரமாக மறுத்துத் தலையாட்டினாள்: "பிடிக்கவே வேணாம்க்கா, தீசிஸ் முடியிற வரைக்கும் வந்துட்டுப் போகட்டும் லா."

பாதிப் பெயர்

செமஸ்டர் முடியும் சமயம், ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் லேபில் தூசி வரக்கூடாதென்று செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். லெட்சுமி செருப்பே போடாமல் வெறுங்காலோடு என் கவுன்டருக்கு ஓடிவந்தாள். ஃபோல்டர் காலி. தீசிஸில் ஒரு எழுத்துகூட இல்லை. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். வீட்டில் அவளுக்கு அடுத்து தம்பி காத்துக்கொண்டிருந்தான். இருவரையும் சேர்த்துப் படிக்கவைக்க அப்பாவால் முடியாது. "தம்பிய நிப்பாட்டிடுவாங்கக்கா" என்றாள். அவள் அழவில்லை. ஓடிப்போய், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும் பேக்கப் டேப்பை எடுத்தேன். டேப்பிலும் பூஞ்சை.

சரி, அழித்தது யார்? தோண்டினேன். நம் ஆட்களின் பெயரில் மகனுக்கு 'ஏ/எல்', மகளுக்கு 'ஏ/பி' போட்டு அப்பா பெயர் வருமல்லவா? மலாயில் அனாக் லெலாகி, அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கம். வெளிநாட்டிலிருந்து வாங்கிய எங்கள் புதிய புரோகிராம், மாணவர் பெயரை வைத்துத்தான் ஃபோல்டருக்குப் பெயர் வைத்தது. நடுவில் அந்தச் சாய்ந்த கோடு வந்தால் பெயர் அங்கேயே முடிந்தது என்று அதற்கு நினைப்பு. லெட்சுமி ஏ/பி கோவிந்தன் என்ற நம் பெண்ணும், லெட்சுமி ஏ/பி வேலு என்ற இன்னொரு பெண்ணும் அதற்கு வெறும் 'லெட்சுமி ஏ'. உள்ளே நுழைய ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நுழைந்தால் இருவருக்கும் ஒரே ஃபோல்டர். போன வாரம் அந்த இன்னொரு லெட்சுமி படிப்பை விட்டுப் போயிருக்கிறாள், முறைப்படி அவள் ஃபோல்டரை அழித்திருக்கிறார்கள்.

மூன்று சரவணன்கள் ஒரே ஃபோல்டரில் ஒருவர் கேமை ஒருவர் அழித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. என்சிக் ஹாலிம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மலாயில் கேட்டார்: "அப்படியென்றால் இவ்வளவு நாளாக உங்கள் ஆட்களுக்கு நாம் பாதிப் பெயர்தான் கொடுத்திருக்கிறோமா?"

எந்த லெட்சுமி?

படிப்பை விட்டுப் போன அந்த லெட்சுமியிடம் ஏதாவது பிரதி இருக்கலாம் என்பது மட்டும்தான் மிச்சம் இருந்த நம்பிக்கை. டெங்கில் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் முகவரி. என்சிக் ஹாலிம் தன் காரிலேயே என்னையும் நம் லெட்சுமியையும் அழைத்துப் போனார், சிபுக் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தோட்டத்தில் லெட்சுமி வீட்டைக் கேட்டால், "எந்த லெட்சுமி?" என்றார்கள். யுனிவர்சிட்டியில் படித்தவள் என்றதும் ஒரு பாட்டாளி அண்ணன் செம்பனைக்கு நடுவே கையைக் காட்டினார்.

அவள் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த பெண், நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் நம் லெட்சுமியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "'செபரேட்' ஸ்பெல்லிங்ல ஏ-க்குப் பதிலா எப்பவும் ஈ போடறது நீங்கதானா?"

அவள் அந்த ஃபோல்டரில் சொந்தமாக எதுவும் வைத்ததில்லை. முதலில் அதை விரிவுரையாளர் போட்டுவைத்த மாதிரிக் கட்டுரை என்று நினைத்தாளாம். வாரத்துக்கு வாரம் வளர்வதைப் பார்த்ததும்தான் யாரோ எழுதுகிறார்கள் என்று புரிந்ததாம். சொன்னால் ஃபோல்டரை மூடிவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை. "அங்க படிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்க்கா" என்றாள். கிளம்பும் நாளில், மீதியை வீட்டில் படிக்கலாம் என்று அத்தனையையும் டிஸ்கெட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இங்கே வந்த பிறகுதான், போட்டுப் பார்க்க வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்பது உறைத்திருக்கிறது. டிஸ்கெட்டுகளைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, ஈரம் பிடிக்காமலிருக்க அரிசி போட்டிருந்தாள். எங்கள் மையத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை.

அவள் கிளம்பிய பிறகு எழுதிய முடிவுரை மட்டும் அதில் இல்லை, அதை நம் லெட்சுமி இரண்டு நாளில் மறுபடி எழுதிவிடலாம். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "நன்றியுரையில உங்க பேரப் போடறேன்" என்றாள். உள்ளேயிருந்து அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. உள்ளே திரும்பிப் போய்க்கொண்டே அந்த லெட்சுமி சொன்னாள்: "எதுக்கு, அட்டையிலயே லெட்சுமின்னுதானே இருக்கப்போவுது, ஒரு லெட்சுமியாவது முடிக்கட்டும்."

தீசிஸ் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது, அடுத்த வாரமே அந்தச் சாய்ந்த கோட்டைச் சரிசெய்து லெட்சுமிகளையெல்லாம் ஒருவர் முகம் ஒருவர் பார்க்காதபடி பிரித்துவைத்தோம், அதற்காக மேலிடத்தில் என்னிடம் சிறந்த சேவை என்று கைகுலுக்கினார்கள்.