மார்கழியில் கூப்பிடாத பறவை

நாங்கள் மாட்டுங்காவில் குடியிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு பெரிய மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து பறவைகளைப் போலக் கத்துவார்கள். மற்ற நாட்களில் டை கட்டிக்கொண்டு ஃபோர்ட் பக்கம் ஆபீஸுக்குப் போய், மேலதிகாரியின் முன்னால் இரைந்து தும்மக்கூடத் தயங்குகிறவர்கள்தான். அப்பா, அப்பாவின் அண்ணாவான பெரியப்பா, சயானிலிருந்து ஒரு மாமா, செம்பூரிலிருந்து ஒரு மாமா. கீழ்வீட்டு குஜராத்தி அம்மாள் முதலில் அதை ஏதோ மதராஸி பஜனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று இரக்கத்தோடு விசாரித்தாள்.

நால்வருக்கும் பறவைப் பைத்தியம். அறுபதுகளில் எங்கள் தெருவட்டாரத்தில் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வேறு யாரும் இல்லை. குளிர்காலம் வந்தால் வடக்கேயிருந்து உள்ளான்களும் வாத்துகளும் வந்து பம்பாயின் கடற்கழிச் சேற்றில் இறங்கும். இவர்களுக்கும் வீட்டில் கால் தரிக்காது. விடிகாலையில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டில் கூடி, வடையும் காப்பியுமாக, கண்டதையும் கேட்டதையும் சொல்லிக்கொள்வார்கள். காணக் கிடைக்காத பறவை எதையாவது கண்டுவிட்டு வந்தவர் அன்று மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருப்பார்.

இதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. பார்த்தது வேறு, கேட்டது வேறு. இரண்டையும் கலந்து பேசுவது அவர்கள் நடுவில் பெரிய குற்றம். ஒருவர் அபூர்வமான பறவையைப் பார்த்தேன் என்றால், அடுத்த வாரம் இன்னொருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமோதிக்க வேண்டும். குரலை மட்டும் கேட்டேன் என்றால், பெயரைச் சொல்லாமல் அந்தக் குரலை எழுப்பிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அதே பறவையின் பெயரைச் சொன்னால்தான் அது செல்லும். இந்தச் சட்டத்தை இயற்றியவர் பெரியப்பா. தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான், ஏனென்றால் நால்வருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைனாகுலர் அவருடையது.

இந்தச் சட்டத்தால் நசுங்கியவர் அப்பா. அவருக்குச் சீட்டியடிக்க வராது. நெஞ்சும் கொஞ்சம் பலவீனம். எந்தப் பறவையைக் கத்தினாலும் அவர் வாயில் அது காக்காயாகத்தான் வந்து விழும். வருஷக்கணக்கில் அவர் கேட்ட ஒரு பறவையைக்கூட யாரும் ஒப்புக்கொண்டதில்லை. பெரியப்பா ஒன்றும் கடுமையாகச் சொல்லமாட்டார். கண்ணைத் திறந்து, தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்து, "அடுத்தது?" என்பார். அந்தச் சிரிப்பு அப்பாவை எவ்வளவு அறுத்தது என்பது ஒன்பது வயதான எனக்கே தெரியும். அண்ணாவின் வாயால் ஒரே ஒரு தடவை "ஒத்துக்கறேன்" என்று கேட்டுவிட வேண்டும், அப்பாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எனக்கோ எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்ல வரும். டீச்சர், பால்காரர், மாடிப்படி ஏறும்போது வீட்டுக்காரர் விடும் பெருமூச்சு, தாதர் ஸ்டேஷனில் ரயில் வேகம் குறைக்கும் சத்தம், எல்லாம் என் கைவசம். பெண் குழந்தை இப்படிக் குரங்குச் சேஷ்டை பண்ணினால் யார் கல்யாணம் பண்ணிப்பா என்று அம்மா திட்டுவாள். அந்தச் சேஷ்டை தனக்கு எப்படி உதவும் என்று அப்பாவுக்குத் தோன்ற இவ்வளவு நாள் ஆனதுதான் ஆச்சரியம். அந்த வருஷம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பளி ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டிவிட்டு, என்னைத் தன் வாயாகக் கூட்டிக்கொண்டு போனார்.

டிராம்பே பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, உப்பளங்களுக்கு இடையே வரப்பின்மேல் நடந்தோம். பனியும் ஆலைப் புகையும் ஒன்றாய்க் கலந்து பூமியோடு படிந்திருந்தன. தூரத்தில் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி நுனியில் எரியும் நெருப்பு மட்டும் கம்பம் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. வரப்பு முடிகிற இடத்தில் கழி. தண்ணீர் வடிந்து, அலையாத்திப் புதர்கள் வரைக்கும் கறுப்புச் சேறு பளபளத்தது. "வரப்பை விட்டுக் காலை எடுத்துக் கீழ வெக்கப்படாது. இது ஆளை முழுங்கற சேறு," என்றார் அப்பா. இருவரும் வரப்பின்மேல் குந்தி உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. பனிக்குள்ளிருந்து, புதர்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தாழ்ந்து, நீண்டு. வாய் குறுகின பானைக்குள் யாரோ ஊதுகிற மாதிரி. ஊ என்று தொடங்கும், நடுவில் கனக்கும், முடிவில் ஏதோ அடைத்துக்கொண்டாற்போல ம் என்று நிற்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அதே மாதிரி. சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி வேறு பக்கம் போயின. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான்.

அவர் என் காதில் சொன்ன பெயர் பெருங்குருகு. ஆங்கிலப் புத்தகங்களில் பிட்டர்ன் என்று போட்டிருக்கும். கண்ணில் படவே படாதாம். நாணலுக்குள் நாணல்போலக் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றுவிடுமாம். குரல் மட்டும் காத தூரம் கேட்குமாம். பம்பாயில் அதைக் கேட்டதாக அந்த நால்வரில் யாரும் சொன்னதில்லை. "நன்னா மனசுல வாங்கிக்கோ கண்ணு. ஒண்ணு விடாம," என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. குல்லாயைக் கழற்றி வாயில் பொத்திக்கொண்டு இருமினார். உடனே அந்தக் குரல் வந்தது, முன்னைவிட வேகமாக, அடுக்கடுக்காக. எனக்குப் பயமாக இருந்தது. அது எங்களைத்தான் கூப்பிடுகிறது என்று தோன்றியது; அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் உதட்டின்மேல் விரலை வைத்தார். "நம்ம இருக்கறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அசையாதே. மூச்சுகூட மெதுவா விடு," என்றார்.

அசையாதிருப்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. கால் மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் அசையாமல் இருக்க இருக்க, குரலும் தணிந்துகொண்டே வந்தது. இடைவெளிகள் நீண்டன. கடைசியாக வந்தது குரல் என்றே சொல்ல முடியாது. முடிவில் வரும் அந்த ம் மட்டும்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. புதர்களின் காலடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கூட்டம் கூடியது. சயான் மாமா விராலடிப்பான் கழுகு ஒன்றைப் பார்த்ததையும், அது மீனைத் தலை முன்னே இருக்கும்படித் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனதையும் சொன்னார். செம்பூர் மாமா ஊசிவால் வாத்து என்றார். அப்பா தன் முறை வரும்வரை வடையைத் தொடவில்லை. பிறகு என்னை நடுவில் நிறுத்தினார். பெண்ணைக் கொண்டு கத்த வைப்பது சட்டத்தில் உண்டா என்று சின்ன விவாதம் நடந்து, பெரியப்பா பெரிய மனது பண்ணி அனுமதித்தார். மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நான் அந்தக் குரலை எடுத்தேன். வடைத் தட்டின் சலசலப்பு நின்றது. இரண்டாம் தடவை முடிவதற்குள்ளேயே செம்பூர் மாமா, "பிட்டர்ன். பக்கா பிட்டர்ன்," என்றார். சயான் மாமாவும் தலையாட்டினார். அப்பா அண்ணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "குரல் கிட்டத்தட்ட அதான். ஆனா அது இனப்பெருக்கக் காலத்துலதான்டா கத்தும். குளிருக்கு இங்க வந்தா வாயே திறக்காது. மார்கழியில எந்த பிட்டர்ன்டா கூப்பிடும்?"

"கூப்பிட்டுதே அண்ணா. நானும் குழந்தையும் கேட்டோமே."

அப்பாவின் குரல் உடைந்தது எனக்குப் பொறுக்கவில்லை. "நெஜம் பெரியப்பா. அப்பா இருமினப்போ பதில்கூடச் சொல்லித்து. நாங்க அசையாம இருந்தப்புறம்தான் நிறுத்தித்து," என்றேன். நம்பிக்கை வரட்டும் என்று இன்னொரு தடவை செய்தேன், இந்த முறை அப்பா இருமிய பிறகு வந்ததைப்போல, வேகமாக, அடுக்கடுக்காக, கடைசி ம் உட்பட ஒன்றும் விடாமல்.

அம்மா காப்பியோடு சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். பெரியப்பாவுக்கு எதிரில் அம்மா நேராக வந்து நின்று பேசியதே கிடையாது. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மூலமாகவோ அப்பா மூலமாகவோதான் சொல்வாள். அன்றைக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தாள். "இன்னொரு தடவை பண்ணு," என்றாள் என்னிடம். பண்ணினேன்.

"இது பட்சி இல்லே," என்றாள் அம்மா. "உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. நீங்க பம்பாயில இருந்தேள். உங்க அப்பாவோட கடைசி நாள்ல ஊர்ல பக்கத்துல இருந்தவ நான். வாய் இழுத்துண்டப்புறம் தண்ணி வேணும்னா அவர் இப்படித்தான் கூப்பிடுவார். நாக்கு புரளாத மனுஷா கூப்பிடற குரல் இது."

நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். இவ்வளவு நன்றாகச் செய்தும் ஒருவர்கூடப் பாராட்டவில்லையே என்று இருந்தது. அப்பா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். மற்றவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். கீழே டாக்ஸியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வடையெல்லாம் அப்படியே இருந்தது. நான் இரண்டு எடுத்துத் தின்றேன்.

அப்பா திரும்பி வந்தபோது இடுப்புவரை சேறு. பெரியப்பாவின் சட்டையிலும் சேறு; அப்பாவைக் காலரைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்தவர் அவர்தானாம். அம்மா வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லே. நீ போய்ப் படு," என்றார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. பெரியப்பா மட்டும் எப்போதாவது வருவார். தம்பிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். லேசாகச் சிரிக்கிற அந்தச் சிரிப்பை நான் மறுபடி பார்க்கவில்லை.

மீதிக் கதையைச் சயான் மாமா, அப்பாவின் காலத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகலில் ஏறிய தண்ணீர் மறுபடி வடிந்து, சேறு மெழுகிவிட்டாற்போல வழுவழுவென்று கிடந்ததாம். அப்பா வரப்பிலிருந்து அதற்குள் இறங்கிவிட்டார். பெரியப்பா அவரை இழுத்து மேலே போடுகிற நேரத்தில், உப்பளக் குடிசைகள் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து உப்பள வேலைக்கு வந்த குடும்பம். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு நண்டு புடிக்கன்னு விடியக்கால வந்தாவ. இன்னும் காணல. நீங்க யாரும் பாத்தியளா அய்யா?" என்று அழுதாளாம். "அவுகளுக்கு வாய் பேச வராது. சத்தங் குடுத்தாலும் ஆருக்கும் வெளங்காது."

அப்பா சேற்றோடு வரப்பில் உட்கார்ந்தபடி, "பாக்கலைம்மா," என்றார்.

"உங்கப்பா பொய் சொல்லலை," என்றார் சயான் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். "எங்க சட்டப்படி அது சரியான பதில்தான். பார்த்தது வேற, கேட்டது வேற." அந்த மனிதர் கிடைத்தாரா என்று கேட்டேன். படகுக்காரர்களைக் கூப்பிட்டு இருட்டும் வரை தேடினார்கள் என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் தெரியாத அந்த மார்கழியில், கூட்டம் நின்றுபோனாலும் அப்பாவுக்கு என் குரல்மேல் ஆசை விடவில்லை என்றுதான் நான் எண்ணினேன். விளக்கு வைத்தபின், அம்மா சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து, என்னைப் பால்கனிக்குக் கூப்பிடுவார். "அந்தக் குரலை மெதுவா ஒரு தடவை பண்ணு கண்ணு," என்பார். நான் அவர் காதருகே வாயை வைத்துப் பண்ணுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கடைசியில அந்த ம் நெஜமா இருந்துதா? நன்னா ஞாபகப்படுத்திப் பாரு," என்பார். இருந்தது அப்பா, என்று சொல்லி, அந்த ம்-ஐ இன்னும் திருத்தமாகச் செய்து காட்டுவேன். அவருக்குத் தலை குனிந்துவிடும். நாலு நாள் கழித்து மறுபடி கூப்பிடுவார்.

எனக்குப் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்திலும் குளியலறையிலும் யாருக்கும் கேட்காமல் பழகிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அச்சாகச் செய்தேன். அப்பாவுக்குப் பிடித்திருப்பதால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவையாவது நான் அதைத் தப்பாகச் செய்துவிடமாட்டேனா, என் வாயிலிருந்து ஒரு பறவை வந்துவிடாதா என்றுதான் அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.