துரைக்கண்ணுவின் வலது கை

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வதில் துரைக்கண்ணுவை மிஞ்ச ஆள் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் அதற்கு மிஷின் இருக்கிறது. ஆனாலும் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய், ஈரம் அதிகம் என்று திரும்பி வருவதைவிட, முதலில் ஒரு பிடியை இவரிடம் நீட்டிவிடுவார்கள். உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார், உமியை ஊதுவார், அரிசியை வாயில் போட்டு உடைப்பார். “பதினெட்டு இருக்கும். இன்னும் ஒரு வெயில் காட்டு” என்பார். மிஷினும் அதைத்தான் சொல்லும்.

அறுபத்தொரு வயது. மூன்று ஏக்கர் சொந்த நிலம். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். போன ஆவணிக் கடைசியில் வயலில் நத்தை ஓடு பெருவிரலுக்குக் கீழே காலைக் கிழித்துவிட்டது. கிழித்ததே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அவர் மனைவி நாகம்மாள்தான் ரத்தத்தைப் பார்த்தாள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் வயலுக்குப் போய் வந்தார். வாடை வந்த பிறகுதான் ஊர் நர்ஸாக இருந்த என்னிடம் வந்தார்கள். நான் பார்த்தவுடன் தஞ்சாவூருக்கு அனுப்பினேன்.

அங்கே இருந்த அறுவை சிகிச்சை டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “புண்ணு எலும்புக்குக் கிட்டப் போயிருச்சு. நாலு வாரம் பார்ப்போம். சர்க்கரை குறைஞ்சு புதுச் சதை வந்தா கால் தப்பும். இல்லாட்டி பெருவிரலோட நிக்காது, பாதிப் பாதத்தை எடுக்கணும்.”

பாதிப் பாதத்தோடு நகரத்தில் பிழைத்துக்கொள்ளலாம். வரப்பில் நடக்க முடியாது. இது துரைக்கண்ணுவுக்கும் தெரியும், அதைச் சொல்லிக் காட்ட யாரும் தேவைப்படவில்லை.

நான் முப்பத்தாறு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுவது என் பொறுப்பானது. இன்சுலின் ஊசியை நாகம்மாளுக்குப் போடக் கற்றுக்கொடுத்தேன். சாப்பாட்டின் அளவையும் நானே சொல்லிவைத்தேன். மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதைப்போல இரண்டு பங்கு காய், ஒரு முட்டை. “வாயில போற எல்லாத்தையும் சொல்லணும், ஒண்ணு விடாம” என்றேன். அவர் ஒளிக்கவில்லை. கொட்டைப்பாக்கு வரைக்கும் சொன்னார்.

இரண்டு வாரம் போயிற்று. காலையில் பார்த்தால் சர்க்கரை நூற்றைம்பது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தால் முந்நூற்று முப்பது. புண் ஆறுவதற்கான அறிகுறியே இல்லை.

பழி நாகம்மாள் மேல் விழுந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் சூர்யபிரகாஷ் வீடியோவில் வந்து கத்தினான். “அம்மா, நீ பாவம் பார்த்துத் திருட்டுத்தனமா சோறு போடுற. அப்பா காலை நீதான் எடுக்கப் போற!” நாகம்மாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கும் அவள் மேல் சந்தேகம் இருந்தது. அதை மறைத்து இப்போது நல்லவளாகிப் பிரயோஜனமில்லை. ஒரு நாள் சொல்லாமல் மதியம் போய் அவள் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

இன்னொரு தொல்லை, மனிதரை உட்கார வைக்க முடியவில்லை. காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தேன். குறுவை அறுப்பு நேரம். அடிக்கொரு தடவை வானத்தைப் பார்க்க எழுந்து போவார். வயலைப் பார்த்துவருகிறேன் என்று நொண்டுவார். ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. நலவாழ்வு மையத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் யோகா வகுப்பு நடக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றுதான் இரண்டாவது வாரத்திலேயே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மூச்சை இழுத்துவிட்டால் புண் ஆறிவிடும் என்று நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. புண்ணை ஆற்றுவது ஊசியும் சுத்தமான கட்டும்தான்.

வகுப்பு எடுப்பவர் வானதி, யோகா படித்த டாக்டர், முப்பது வயது இருக்கும். எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள். துரைக்கண்ணுவுக்கு நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி. முதல் நாள் வானதி ஆசனம் எதுவும் சொல்லித்தரவில்லை. உண்மை பேசுவது, அடுத்தவர் பொருளைத் தொடாமல் இருப்பது, போதும் என்று நினைப்பது, இதெல்லாம்தான் யோகாவுக்கு அஸ்திவாரம் என்றார்.

“அப்ப நம்ம ஊர்ல அஸ்திவாரத்துக்கே ஆள் தேறாதே” என்றார் மீரா சாகிப். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். துரைக்கண்ணுவும் அவரும் சின்ன வயசிலிருந்து மாப்பிள்ளை மாமன் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பிறகு வானதி ஆளுக்கு ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தார். முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும், பிறகு வாயில் வைத்து முப்பது முறை மெல்ல வேண்டும் என்றார். சொல்லி முடித்துத் திரும்பினால் துரைக்கண்ணுவின் கை காலி.

“ஐயா, உங்க துண்டு எங்க?”

“உள்ள போயிருச்சும்மா.”

“மொறத் தண்ணி வந்தா கடகடன்னு முழுங்கிட்டு மடைக்கு ஓடுவான். அந்தப் பழக்கம்” என்றார் மீரா சாகிப்.

அது உண்மை. பதினாலு வயதில் அப்பா இறந்ததிலிருந்து துரைக்கண்ணு வயலைப் பார்க்கிறார். வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். நம் முறை வரும்போது மடையில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த வயலுக்குப் போய்விடும். அதனால் தூக்குவாளியைத் திறந்து, நின்றபடியே ஐந்தாறு உருண்டை. இப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர். தட்டில் என்ன காய் இருந்தது என்று கேட்டால் நாகம்மாளைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

“கண்ண மூடுங்கய்யா. என்ன தோணுதோ தோணட்டும்” என்றார் வானதி.

“மழதான் தோணுது.”

“சரி, மழை தோணுதுன்னு பாத்துக்கிட்டு இருங்க.”

“மழயப் பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கிறவன் வெவசாயியாம்மா?”

எல்லோரும் சிரித்தார்கள். வானதியும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

மூன்றாவது வகுப்பில் பத்து நிமிஷம் பேசாமல் இருக்கும் பயிற்சி. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, உடம்பில் எது அசைகிறதோ அதைக் கவனிக்க வேண்டும். நான் சுவரோரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். துரைக்கண்ணுவின் வலது கை முழங்காலை விட்டு எழுந்தது. சட்டைப்பைக்குள் போயிற்று. வெளியே வந்தது. கட்டைவிரல் உள்ளங்கையில் தேய்த்தது. உதடு குவிந்து ஊதியது. கை வாய்க்குப் போயிற்று. கண் மூடியே இருந்தது.

அப்புறம் தாடை நின்றது. கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். அடுத்திருந்த மீரா சாகிப்பின் தலையில் உமி ஒட்டியிருந்தது.

“டாக்டரம்மா, வாயில அரிசி கெடக்கு” என்றார். வேறு யாரோ போட்டதுபோலச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் நெல்லைக் கடித்துப் பார்க்கிற ஆள். மாதிரி மிச்சம் சட்டைப்பையில் கிடக்கும். கவலை வந்தால் கை அங்கே போகும். கடித்ததைத் துப்பாமல் விழுங்கியும்விடுவார். எங்கள் பக்கத்தில் நெல்லைக் கடிப்பது வேலை. அதைச் சாப்பாடு என்று யாரும் நினைப்பதில்லை. அவர் நினைக்கவில்லை, நாகம்மாள் நினைக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் சர்க்கரை நோயாளிகளுக்குப் புத்தி சொன்ன நானும் நினைக்கவில்லை. அவர் கடித்துப் பார்ப்பதை என் கண்ணாலேயே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஊரான் நெல்லத் தின்னுட்டு மொத நாளு பாடத்துலயே பெயிலாயிட்டியே மாப்ள” என்றார் மீரா சாகிப், தலையைத் தட்டிக்கொண்டே.

மறுநாள் களத்தில் ஒரு டம்ளரைக் கொடுத்து, “கடிச்சதை எல்லாம் இதுல துப்புங்க” என்றேன். சாயங்காலம் டம்ளர் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வேளச் சோறு வரும் போலருக்கே நர்ஸம்மா” என்றார். பிறகு அவரே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

“டேய், ஒங்கம்மா மேல தப்பில்ல. தின்னது நாந்தான். அவகிட்ட மன்னிப்புக் கேளு. நானும் கேக்கணும்.”

அவன் கேட்டான். இவர் கேட்டாரா என்று தெரியாது, அந்த நேரம் நான் கிளம்பிவிட்டேன். ஆனால் அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் நாகம்மாள் பையின் வாயைத் தைத்து மூடியிருந்தாள். கை பழக்கத்தில் போய்த் தையலில் முட்டும். அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு முழங்காலில் திருப்பி வைப்பார். ஊர் நெல்லைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. நாங்களும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நெல்லைக் கடிப்பது, துப்புவது, வாய் கொப்பளிப்பது என்று ஏற்பாடு. சோற்றையும் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்து, “ஏ நாகம்மா, பொடலங்காய்ல தேங்கா போடுவியா நீ?” என்று கேட்டிருக்கிறார். “முப்பத்தஞ்சு வருசமாப் போடுறேன்” என்றாளாம்.

சாயங்காலச் சர்க்கரை இருநூற்றிருபதுக்கு வந்தது. பிறகு நூற்றெண்பது. நான்காவது வாரத் தொடக்கத்தில் புண்ணின் ஓரத்தில் சிவப்பாகச் சதை தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் சேற்றில் கால் வைத்தால் எல்லாம் போய்விடும்.

அந்த வியாழக்கிழமைதான் அவருடைய மூன்று ஏக்கர் நெல் களத்தில் குவிந்து கிடந்தது. மதியம் இரண்டு மணிக்கு வடக்கே கருத்தது. காற்று மாறியது. களத்தில் இருந்தவர்கள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு அவரவர் குவியலுக்கு ஓடினார்கள். துரைக்கண்ணு நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார்.

“ஏங்க! எந்திரிச்சீங்க, நெல்ல அப்படியே போட்டுட்டு வந்து ஒங்களத்தான் கட்டிப்போடுவேன்!” குவியலின் மறுபக்கத்திலிருந்து நாகம்மாள் கத்தினாள்.

“அந்தக் கோடி தொறந்து கெடக்கு புள்ள!”

“கெடக்கட்டும்! ஒக்காருங்க!”

நான் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தேன். எழுபது வயதுக்கு மேல் ஆனவளால் ஒரு விவசாயியை அழுத்திவைக்க முடியாது. அவர் நினைத்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்தார். உரச்சாக்கின் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து அவர் காலைச் சுற்றிக் கட்டினேன். குடையை விரித்தேன். மழை கொட்டியது. மீரா சாகிப் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு மூலையை இழுத்தார். மறு மூலையில் காற்று தார்ப்பாயைத் தூக்கியது, நெல் நனைந்தது. துரைக்கண்ணு கண்ணை மூடவில்லை. நனைவதைப் பார்த்தபடியே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வலது கை ஒருமுறை மேலே எழுந்து, திரும்ப இறங்கியது.

மழை அரை மணியில் நின்றது. நாடி பிடித்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு. அவர் குவியலில் இரண்டு மூட்டை அளவு நனைந்திருந்தது.

“ரெண்டு மூட்டதான?” என்றார். “காஞ்சிரும்.”

கால் கட்டைப் பிரித்தேன். உள்ளே துணி உலர்ந்திருந்தது.

திங்கட்கிழமை மூன்று பேரும் தஞ்சாவூர் போனோம். டாக்டர் புண்ணை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். “நல்லா மேல வந்துருச்சு. எலும்புக்கு மேல சதை மூடிருச்சு. எடுக்க வேண்டியதில்ல. இன்னும் ரெண்டு மாசம் கட்டு, ஊசி எதையும் நிறுத்தக் கூடாது” என்றார். துரைக்கண்ணு கால்விரல்களைக் குனிந்து பார்த்து, ஒருதரம் அசைத்துப் பார்த்தார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கும் அவருக்கும் சர்க்கரை இல்லாமல் சொன்னேன். நாகம்மாளுக்கும் அப்படியே சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்கு ரெண்டு ஸ்பூன் போடச் சொல்லுங்க” என்றாள். “பழி சொன்ன நாள்லேருந்து வீட்டுல சக்கர டப்பாவையே வைக்கல. நானும் தொடல.”

அது எனக்கு அதுவரை தெரியாது. டீ வந்தது. மெதுவாகக் குடித்தாள். கடைசியில் கண்ணாடி டம்ளரின் அடியில் தங்கியிருந்த சர்க்கரையையும் ஆட்டிக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். எங்கள் ஊர் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“போகட்டும்” என்றார் துரைக்கண்ணு. “அடுத்தது வரும். நீ குடி.”