கொடிக்குப் பக்கத்தில் நில்

சாராள் டீச்சருக்குக் கணக்கு வராது, பாட்டு வராது, சமையல் சுத்தமாக வராது. மழையில் ஊறிய சுள்ளியை ஒரே தீக்குச்சியில் பற்றவைக்க மட்டும் வரும். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எப்படிக் குப்பை கொட்டுவாள் என்று அவருடைய அம்மா தெருவெல்லாம் புலம்பியிருக்கிறாராம். நல்லவேளையாகச் செங்கல்பட்டில் எங்கள் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் வேலை காலியாக இருந்தது. 1970இல் அதில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது.

கொளவாய் ஏரிக்குக் கீழே இருக்கும் காலனியில் பிறந்தவர். அப்பா சாலமோனும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நட்டு அறுத்துப் பிழைத்தவர்கள். அந்தத் தெருவில் டீச்சர் ஆன முதல் ஆள் அவர்தான். அதனாலேயோ என்னவோ, பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. சாரணியர் படையும் அப்படி விழுந்ததுதான். பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பி, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் புத்தகத்துக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, பைபிளோடு சேர்த்துத் துணிப்பையில் வைத்திருப்பார். இரண்டில் எதை அதிகம் நம்பினார் என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன்.

நான் ரத்னா. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, விடுதியில் தங்கிப் படிக்க வந்தவள். படையில் சேர்ந்ததே சனிக்கிழமையானால் விடுதிச் சோற்றிலிருந்து தப்பிக்கலாம் என்றுதான். பாடத்தைக் கேட்டதைவிட வாயடித்தது அதிகம்.

பழவேலி மலைப் பக்கம் கூட்டிப்போவார். காடு என்று பெயர்தான், களாச்செடியும் காரையும் முள்ளும் நாலு பனைமரமும். அங்கேதான் நிழலை வைத்துத் திசை பார்த்தோம். இரண்டு மூங்கில் கழிகளில் தாவணியைச் சுற்றி ஆளைத் தூக்கிப் போகும் படுக்கை கட்டினோம். தின்னக்கூடிய பழம் எது, தின்றால் வாய் வீங்கும் பழம் எது என்று தின்றே தெரிந்துகொண்டோம். பெற்றோர்கள் வந்து சண்டை போட்டார்கள். வயசுக்கு வந்த பெண்களை முள்ளுக்காட்டில் மேய விடுகிறாளே என்றார்கள். டீச்சர் அசையவில்லை.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இந்த ஊரு பயப்பட மட்டும்தான் கத்துக்குடுத்துகீது. அத நான் மறக்க வச்சிட்டுத்தான் வுடுவேன்" என்பார்.



71இல் சியாமளா என்ற பெண் களாக்காய் பறிக்கப் போய் வழி தவறிவிட்டாள். பயத்தில் நிற்காமல் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் பாதையில் கிடைத்தாள். டீச்சர் அன்று புத்தகத்தைப் புரட்டினார். வழி தவறினால் நகராதே, தேடி வருவார்கள் என்று அச்சடித்திருந்தது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் வேதம். தினமும் வரிசையில் நின்று கத்துவோம். "நிறுத்தின இடத்துல நிற்பேன். மூணு தடவை விசில் அடிப்பேன். டீச்சர் வருவார்."

ஒருநாள் கத்தி முடித்ததும் நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "டீச்சர், எங்க ஊர்ல நின்னா செத்துடுவோம். தண்ணி வந்தா ஓடணும். எங்கம்மா அப்பிடித்தான் சொல்லும்."

"எதிர்த்துப் பேசாத. மைதானத்த அஞ்சு சுத்து சுத்து."

சுற்றினேன். நாக்குத் தள்ளிவிட்டது. இனி இந்த அம்மாளுக்கு எதுவும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பதிமூன்று வயதுக் கோபம். ஆனால் அந்தக் கோபத்தை நான் கெட்டியாக வைத்துக்கொண்டேன்.

செல்லம்மா என்னைப் போல் இல்லை. டீச்சரின் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி இருந்த செங்கம்மாளின் ஒரே மகள். அப்பா இல்லை. படிப்பில் மக்கு. வகுப்பில் பாதி நாள் பெஞ்சு மேல்தான் நிற்பாள். ஆனால் காட்டுக்கு வந்தால் அவள்தான் முதல். கட்டச் சொன்ன முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள். பிறந்ததிலிருந்து யாரும் சபாஷ் சொல்லாத பெண்ணுக்கு டீச்சர் ஒருத்தர்தான் சொன்னார். பிறகு அவள் வேறு யாரைக் கேட்பாள்?

நிற்கும் பாடத்துக்குப் பரீட்சையும் உண்டு. ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்திவிட்டு டீச்சர் போய்விடுவார். திரும்பி வரும்வரை நகராமல் நின்றால் தேர்ச்சி. நான் எப்போதும் தோல்வி. கால் கடுத்தால் நிழல் தேடிப் போய்விடுவேன். 74 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, செல்லம்மாவை ஒரு பனைமரத்தடியில் நிறுத்தியிருந்தபோது, தலைமையாசிரியை அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார் என்று டீச்சர் எங்களை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பிவிட்டார். அவளை மறந்துவிட்டோம். நானும்தான் மறந்தேன். நாலு மணி நேரம் கழித்து நினைவு வந்து ஓடினோம். பனையின் நிழல் எப்போதோ விலகிப்போயிருந்தது. அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் கட்டெறும்பு கடித்து வீங்கியிருந்தன.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் டீச்சர்" என்றாள்.

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுவாரம் தன் பித்தளை விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, அவளை அணித்தலைவி ஆக்கினார். பெருமைப்பட்டுப் போனார். அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் பயப்படவில்லை, கைதட்டினோம்.

அந்த வருஷம் அரையாண்டு விடுமுறையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே, உப்பங்கழி ஓரத்துச் சவுக்குத் தோப்பில் மூன்று நாள் முகாம். செங்கம்மாள் மகளை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். டீச்சர் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "என் பொறுப்புக்கா. எப்பிடிக் கூட்டிகினு போறேனோ அப்பிடியே கூட்டியாந்து வுடுவேன்" என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. மேற்கே ஒரு வாரமாக நல்ல மழை. கழி தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குப்பத்தில் கழியோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்படி ஆனால் எங்கள் கரையில் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கங்கையம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, மணல்மேட்டின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். அவ்வளவுதான். மற்றதைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். காலையில் முழ அகலம், மதியத்துக்குள் நூறு கஜம். வெட்டிய பிறகு எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் மேட்டில் ஆடு மாடுகூட நிற்காது.

முதல் நாளே கழியைப் பார்த்தேன். இன்றோ நாளையோ வெட்டுவார்கள் என்று தெரிந்தது. சொல்லவில்லை. மைதானத்தின் அஞ்சு சுற்றை நான் மறந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஒவ்வோர் அணியும் கொடி நட்டு இடம் பிடிக்க வேண்டும். "கொடிக்குப் பக்கத்துல நில்லு. நான் வந்து பாக்கற வரைக்கும் நகரக் கூடாது" என்பது தலைவிகளுக்கு உத்தரவு. எங்கள் அணி செல்லம்மா, லதா, நான். தென்கரையிலிருந்து மணல்மேட்டில் ஏறினோம். நானும் லதாவும் கிளிஞ்சல் பொறுக்கிப் பின்தங்கினோம். செல்லம்மா முன்னால் போய்க் கொடி நட்டாள். சிறிது நேரத்தில் எங்களுக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. திரும்பினால், தென்முனையில் பத்துப் பதினைந்து ஆண்கள் மண்வெட்டியோடு. வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது.

அவர்களில் பெரியவர் ஜம்புலிங்கம் எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "யாரும்மா அது? இன்னா பண்றீங்க அங்க? ஓடியாங்க சீக்கிரம்."

லதா வாய்க்காலைத் தாண்டி ஓடிவிட்டாள். நான் செல்லம்மாவிடம் ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, முகத்துவாரம் வெட்றாங்க. இது மொத்தமும் பூடும்."

"டீச்சர் வந்து பாக்கறப்ப நான் இல்லைன்னா?"

"டீச்சருக்கு இன்னாடி தெரியும் கடலப் பத்தி?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கையை உதறினாள். "நீ போய் டீச்சரக் கூட்டிகினு வா. நான் இங்கதான் இருப்பேன்."

நான் அவளைவிட உயரம், பலமும் எனக்குத்தான் அதிகம். தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். எத்தனையோ தடவை கனவில் இழுத்து வந்துவிட்டேன். அன்று விட்டுவிட்டு ஓடினேன். வாய்க்காலைத் தாண்டும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுத்தது.

ஜம்புலிங்கம் அவளை நோக்கிக் கையாட்டி, "வடக்கால ஓடு கண்ணு, வடக்கால ஓடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். வடக்குப் பக்கம் மேடு நிலத்தோடு சேரும், ஓடினால் தப்பிக்கலாம். அவளுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் அவர் யாரோ ஒரு ஆள். அவள் பதிலுக்கு மூன்று தடவை விசில் அடித்தாள்.

தோப்புக்கு ஒரு மைல். மணலில் ஓடி, டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் முழ அகல வாய்க்கால் நாற்பது கஜம் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் கரை பாளம் பாளமாகச் சரிந்தது. ஜம்புலிங்கம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, இரண்டு தடவை தூக்கி எறியப்பட்டு, நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தார். செல்லம்மா கொடிக்குப் பக்கத்தில் நின்றாள்.

டீச்சரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. டீச்சர் வடக்கே கையைக் காட்டி, "ஓடு, ஓடுடி செல்லம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினார். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் டீச்சர் கை காட்டிய பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, வெறும் மணல். மறுபடி எங்களைப் பார்த்து, காலைச் சேர்த்து நிமிர்ந்து, மூன்று விரலால் சல்யூட் வைத்தாள். டீச்சர் வந்து பார்த்துவிட்டார், தேர்ச்சி. அவளுக்கு அதுதான் புரிந்திருக்கும். பிறகு அவள் நின்ற பாளம் சரிந்தது. கொடி மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது.

அதற்கு மூன்றாம் நாள் தெற்கே கரை ஒதுங்கினாள். கழுத்தில் விசில் இருந்தது.

விசாரணை வந்தது. விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். குப்பத்தார்மீது தப்பில்லை, வீடு மூழ்கினால் வெட்டத்தானே வேண்டும். பள்ளியின்மீதும் தப்பில்லை. "புத்தகத்தில் இருப்பதைத்தானே நீ சொல்லிக் கொடுத்தாய்" என்று தலைமையாசிரியை டீச்சரைத் தேற்றினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது உதவாமல் போனது மட்டுமில்லை, ஒருத்தியை விழுங்கியது. விதி என்று சொல்ல வந்தவர்களை எனக்குச் செருப்பால் அடிக்கத் தோன்றியது. அவள் விதி எங்கள் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருத்தி கேட்கவில்லை, ஒருத்தி சொல்லவில்லை.

நான் அதை டீச்சரிடம் சொன்னேன். கழியைப் பார்த்ததுமே தெரியும் என்றும், கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உன் வாய அடைச்சது நான்தானே" என்றார். அதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

டீச்சர் படையை விட்டுவிட்டார். மைதானத்தில் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். 78இல் புதிதாக வந்த தலைமையாசிரியை மறுபடி படையைத் தொடங்கச் சொன்னார். முதல் நாள் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ஒரு பெண் முன்னால் வந்து, "காட்டுல வழி தெரியலைன்னா இன்னா டீச்சர் பண்றது?" என்று கேட்டிருக்கிறாள். நில் என்றும் சொல்ல முடியவில்லை, ஓடு என்றும் சொல்ல முடியவில்லை. மணி அடிக்கும் வரை அப்படியே நின்றாராம். அதோடு சரி.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் நாலு வீடு தள்ளிப் போய்ச் செங்கம்மாளோடு உட்காருவார். மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கட்டும் என்றுதான் போனார். செங்கம்மாள் ஐந்து வருஷமாக ஒரு சுடுசொல் சொல்லவில்லை. காப்பி கொடுப்பார், முறத்தில் அரிசி புடைப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். மகளின் பேச்சை எடுப்பதே இல்லை. டீச்சர் வாங்கிக்கொள்ளக் காத்திருந்ததை அவர் கொடுக்கவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். செங்கம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"சாராளு, கடைசில அவ உன்னப் பாத்தாளா?"

டீச்சர் காப்பி டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "பாத்தாக்கா."

"நல்லாப் பாத்தாளா?"

"நல்லாப் பாத்தா. சிரிச்சா."

செங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். ஐந்து வருஷமாக மனசில் வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது, முகமே இளகிவிட்டது. டீச்சரின் முழங்காலில் கையை வைத்து, அவரைத் தேற்றுவதற்காகவே சொன்னார். "அப்ப பயந்திருக்க மாட்டா. வுடு."

டீச்சர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்திருந்தா ஓடியிருப்பாளேக்கா" என்றார்.