எட்டு வினாடி அப்பா

போன வாரம் மகள் என் கைப்பேசிக்கு ஒரு பழைய சினிமாத் துண்டு அனுப்பியிருந்தாள். கொடிமலை ரயிலில் தொப்பி வைத்த வெள்ளைக்காரிகள் ஏறுகிறார்கள், பூந்தோட்டத்துக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுகிறார்கள். அதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் பழைய படச் சுருள்களைச் சேர்த்துவைக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. புரொஜெக்டரில் படத்தை ஓட்டி, தெரிவதை அட்டையில் எழுத வேண்டும். ‘குரங்கும் சீமாட்டியும்’ என்று எழுதிச் சம்பளம் வாங்கிய ஆள் நான். மகன் சினிமாவில் இருக்கிறான் என்று அம்மா நாங்கள் குடியிருந்த தண்ணீர்மலை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அட்டைகளைத் தட்டச்சு செய்தவன் மனோகரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். முந்தின வருடம் இறந்துபோன அவன் அப்பா துறைமுகத்தில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்தவர். வீட்டில் ஐந்து ஆல்பம். என் அப்பா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் வயிற்றில் இருந்தபோது, ரயில்பாதை போட ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனான். திரும்பவில்லை. அவருடைய படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

ஒரு நாள் அந்தச் சுருளை ஓட்டினோம். வெள்ளைக்காரிகள் போய், துறைமுக ஜெட்டியில் ஜப்பானியச் சிப்பாய்கள் வந்தார்கள். பிறகு மூட்டை தூக்கும் கூலிகள் வரிசையாக. அவர்களைக் கடந்து வெள்ளை உடுப்பில் ஒருவர் குடையோடு நடந்தார். எட்டு வினாடி இருக்கும். மனோகரன் எழுந்து நின்றுவிட்டான்.

“எங்க அப்பாலா,” என்றான் மெதுவாக.

மறுநாள் அவன் தாயாரை அழைத்துவந்தான். நான்கு தரம் ஓட்டிக் காட்டினேன். அந்த அம்மாள் அழுததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஐந்து ஆல்பம் போதாதென்று, நடக்கிற அப்பா வேறு இவனுக்கு! அந்தக் காட்சியிலிருந்து ஒரு போட்டோ கேட்டு விண்ணப்பம் தந்தான். மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லி என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

எல்லாரும் சாப்பிடப் போனதும் தனியாக அந்தச் சுருளை ஓட்டுவேன். எனக்குக் காது கொஞ்சம் விடைத்திருக்கும். கூலிகளின் முகத்தில் அந்தக் காதைத் தேடினேன். மங்கலான படத்தில் எல்லாருக்கும் காது விடைத்துத்தான் தெரிந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவைக் கூட்டிவந்தேன். கூலிகள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இல்லை, இவரில்லை. குடைக்காரர் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“இந்தக் கிராணிதான்யா. சயாமுக்குப் பேரு எழுதினவரு. உங்கப்பா பேரை ரெண்டு தரம் கேட்டு எழுதினாரு.”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. திங்கட்கிழமை மனோகரனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னோடு வேலை செய்பவனின் அப்பா என்று அம்மாவிடம் சொன்னேன்.

“பக்கத்துல துப்பாக்கி நிக்குதே, அவரு என்ன செய்வாரு? அந்தத் தம்பிகிட்ட சொல்லிடாதய்யா.”

சொல்லவில்லை. திங்கட்கிழமை விண்ணப்பத்தை அனுப்பினேன். போட்டோ வந்த அன்று மனோகரன் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தான். “எனக்காக ரொம்ப அலைஞ்சிட்டேலா,” என்றான். குடித்தேன். அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை. வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவன் அப்பா என் அப்பாவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார், பெயர் கேட்டிருக்கிறார். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லையே.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. சுருள்கள் வெக்கையில் ஒட்டிப்போய்ப் புளித்த வாடை அடிக்க, லாரியில் ஏற்றிக் கொட்டிவிட்டார்கள். மகள் அனுப்பிய துண்டு மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. அக்கரையில், செபராங் ஜெயாவில் மனோகரன் வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது. போனால், அதற்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் உட்காருவேன்.

அப்பா எப்படி இருப்பார் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “நல்லா இருப்பாரு,” என்பாள். அதற்கு மேல் சொல்லத் தெரியாது அவளுக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளும் போய்விட்டாள். அந்த முகத்தைப் பார்த்த ஒருவரும் இப்போது இந்த ஊரில் இல்லை.