பச்சை டிக்கும் நைனாவின் பாடும்

எங்கள் ஊரில், ஏரியின் நல்ல இடத்தில் நாளுக்கு ஒரு படகுதான் வலை விரிக்கலாம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று யாருடைய பாடு என்பதை ஊர்க்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவார்கள். சாரலில் எழுத்து அழிந்தால் சண்டை. கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்று நானாகப் போய் வாயைக் கொடுத்தேன்.

மென்பொருளைப் பொதியாகக் கட்டுவதுதான் என் பிழைப்பு. வேண்டிய சாமான்களோடு சேர்த்து ஒரு கன்டெய்னருக்குள் போட்டு மூடிவிடுவோம். எங்கே இறக்கினாலும் உள்ளே இருப்பது மாறாது; வெளியே ஊர் எக்கேடு கெட்டாலும் அதற்குக் கவலையில்லை. நிரலை ஏற்றினால் தானே கட்டி, தானே சோதித்து, சரியாக இருந்தால் பச்சை டிக் போடும் ஏற்பாடும் உண்டு. நான் ஏற்றியதெல்லாம் டிபனுக்குப் பிறகு, பத்து மணிக்கு. எல்லாம் பச்சை.

நிறுவிய அன்று என் அப்பாவின், நைனாவின் பாடு. விடியுமுன் போய் இறாலோடு திரும்பியிருந்தவர், கூடத்துத் திரையில் தன் பெயரைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் நாலரை மணிக்கும் திரையில் அவர் பெயரே இருந்தது. மறுபடி போனார். அன்று உண்மையில் பாடு உள்ளவர் ஏரியில் அவரைப் பார்த்துச் சத்தம் போட, திரையில் தன் பெயர்தான் இருந்தது என்று நைனா சொல்ல, ஆறு மணிக்கு எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். திரையில் அந்த மனிதரின் பெயர் ஒழுங்காக இருந்தது.

"புள்ள பொட்டி செய்வான், அப்பன் பொய் சொல்வான்," என்றார் அந்த மனிதர். நைனாவைப் பொய்யர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். கன்டெய்னருக்குள் ஓடியது கிரீன்விச் நேரம். நமக்கு ஐந்தரை ஆனால்தான் அதற்கு அடுத்த நாள் பிறக்கும். அதற்குள் எங்கள் ஊரில் பாதி வேலை முடிந்துவிடும். பத்து மணிக்குச் சோதிக்கிற என்னைப் போன்ற துரைக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது?

"நேத்துதானே போனோம்னு தோணலியா நைனா?"

"தோணிச்சு. நீ போட்டது தப்பா இருக்காதுனு போனேன்."

மறுநாள் எதையும் திருத்தாமல், ஐந்தேகாலுக்கு ஊர்த் தலைவரைத் திரைக்கு எதிரே உட்கார வைத்தேன். சரியாக ஐந்தரைக்குப் பெயர் தானாக மாறியது.

"அப்ப உங்க நைனா பொய் சொல்லலப்பா," என்றார். "தப்பு உன்னுது. ஒரு பாடு வுட்டுக் குடுக்கணும்."

எனக்கென்று தனியாகப் பாடு ஏது? வீட்டுக்கு ஒன்றுதான், நைனாவுடையது. நைனா நிரபராதி என்று தீர்ப்பாகி, தண்டனையும் அவருக்கே வந்தது.

அன்றே கன்டெய்னரின் கடிகாரத்தை நம் நேரத்துக்குத் திருத்தினேன். நாலரை மணிச் சோதனையையும் சேர்த்தேன். பச்சை.

நைனாவின் அடுத்த பாடு நாள், விட்டுக்கொடுக்க வேண்டிய நாள், வந்தது. நாலரைக்குக் கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் பாயில் விழித்தபடி கிடந்தார்.

"இன்னா காட்டுது?"

"உன் பேருதான் நைனா."

"இப்ப கரீட்டா காட்டுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.