வெள்ளிக்கிழமைப் பிரதிகள்

எண்பதுகளின் நடுவில் சுங்கை பட்டாணியில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கணினி வேலை கிடைத்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஏழெட்டு ரப்பர் தோட்டங்களை நிர்வகித்த நிறுவனம் அது. என் அப்பா புக்கிட் செலம்பாவ் பக்கம் ரப்பர் பால் இறக்கப் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துப் பெண் கணினி முன்னால் உட்கார்வதே அந்த அலுவலகத்தில் சிலருக்கு உறுத்தியது. உறுத்தட்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் எட்டு மாதமும் தொழிலாளர் அட்டைகளைக் கணினியில் தட்டி ஏற்றினேன். பெயர், வேலையில் சேர்ந்த நாள், மனைவி, பிள்ளைகள் பிறந்த நாள். முடிந்ததும் மேனேஜர் அட்டைகளை மூட்டை கட்டி அலுவலகத்துக்குப் பின்னால் கொளுத்தச் சொன்னார்.

"அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுல்ல? இன்னும் கரையானுக்கா வச்சிருக்கிறது?"

அடுத்து பாலிங் கிளையிலும் அதே மாதிரி ஒரு கணினி வந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் தொலைபேசிக் கம்பி வழியாக இரண்டையும் இணைக்க வேண்டும். இங்கே மாறியதெல்லாம் அங்கேயும் மாறிவிடும். ஒன்று எரிந்தாலும் மற்றொன்று மிஞ்சும் என்றார் பினாங்கிலிருந்து வந்து இணைப்பை மாட்டிக்கொடுத்தவர்.

"அண்ணே, நான் இங்க தப்பா ஒரு பேர அழிச்சிட்டா?"

"பாலிங்லயும் அழிஞ்சிடும்லா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும், அதானே இதோட வேலை."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் முழுப் பட்டியலையும் தனியாக பிளாப்பி டிஸ்க்குகளில் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"பாலிங்ல ஒண்ணு இருக்கே, இது எதுக்கு? எல்லாத்தையும் அழிச்சிட்டு லெட்டர் அடிக்க வச்சுக்கோ."

"சரி சார்" என்றேன். அழிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள், நான் சாப்பிடப் போயிருந்தபோது மேனேஜரே என் நாற்காலியில் உட்கார்ந்து, வேலையை விட்டவர்களின் பெயர்களை நீக்கப் பார்த்திருக்கிறார். கணினி கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று தட்டியதில் இரண்டு தோட்டங்களின் பட்டியல் முழுவதும் போய்விட்டது. அவர் வாயே திறக்கவில்லை. ஒன்றும் தெரியாமல் ஐந்து மணிக்கு வழக்கம்போல் இணைப்பைப் போட்டேன். பாலிங்கில் இருந்ததையும் என் கையாலேயே அழித்தேன்.

மறுநாள் காலை பாலிங்கில் வேலை பார்த்த மலாய் அக்கா போன் செய்து, இரண்டு தோட்டம் காலியாக இருக்கிறது என்றார். நான் போனை வைக்கும்போது மேனேஜர் மேசை முன்னால் காலியான இரண்டில் ஒன்றான மெர்போக் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். கையில் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப் போட, எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று நிறுவனத்தின் கடிதம் வேண்டும்.

"ரெக்கார்ட்ல உங்க பேரு இல்லையே" என்றார் மேனேஜர்.

"இருபத்திரெண்டு வருஷமா உங்க மரத்தத்தான் சார் வெட்டுறேன். பேரு இல்லன்னா நான் யாரு?"

நான் எழுந்துவிட்டேன். "இருக்கு சார். என்கிட்ட இருக்கு."

"அழிக்கச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் அழிக்கல."

அவர் முகம் கறுத்தது. "இதுக்கு நீ எழுத்துல பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார். முதல்ல இந்த அக்காவுக்கு லெட்டர்."

முதல் வேலையாகத் தொலைபேசி இணைப்பைப் பிடுங்கினேன். பாதியில் எதுவும் பாலிங்குக்குப் போய்விடக் கூடாது. அங்கிருந்த மலாய் அக்காவுக்கும் போன் போட்டு, "ஜாஙான் சம்போங் டூலு, காக்" என்று சொல்லி, அவரையும் இணைக்காமல் நிறுத்திவைத்தேன். கடைசி வெள்ளியன்று எடுத்த டிஸ்க் பழுதாகியிருந்தது. கணினி படிக்க மறுத்தது. அதற்கு முந்தைய வாரத்து டிஸ்க்கைப் போட்டேன். கரகரவென்று சத்தம் கேட்டது, பிறகு பெயர்கள் வரிசையாக ஏறத் தொடங்கின. அந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் பெயர் வந்ததும் நான் திரையில் விரல் வைத்துக் காட்டினேன். கடிதத்தைத் தட்டி நீட்டினேன், மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

அந்த டிஸ்க்குக்குப் பிறகு வந்த நாட்களில் நடந்தது எதுவும் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தம்பியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு தோட்டங்களுக்கும் போய், வீடு வீடாகக் கேட்டு எழுதினேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் நான்கு பேர், பிறந்த குழந்தை ஒன்று. திங்கட்கிழமை அவற்றையும் தட்டிச் சேர்த்த பிறகுதான் பாலிங்குக்கு இணைப்பைக் கொடுத்தேன்.

அன்று மாலையே மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். உத்தரவை மீறியதற்கு வருந்துகிறேன் என்று நான் சொல்வதாக அவரே தட்டச்சு செய்திருந்தார். 'வருந்துகிறேன்' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் என்னைப் பாலிங்குக்கு மாற்றினார்கள்.

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்று அம்மா அழுதார். நான் அழவில்லை. விடியுமுன் எழுந்து பஸ் பிடித்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். மெர்போக் அம்மாள் என்னைத் தேடிப் பாலிங்குக்கே வந்தார். குடியுரிமை பெற்றவர்களுக்குத் தரும் நீல ஐசியை மேசைமேல் வைத்தார்.

"பேரு சரியா அடிச்சிருக்கானுங்களான்னு பாரு, தங்கச்சி."

பார்த்தேன். "ஒரு எழுத்து குறையுது அக்கா."

"அப்படியா?" என்று ஐசியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்கே போறேன். அந்த ஒரு எழுத்தையும் விடமாட்டேன்லா."